செயலியில் தெரியும் விமான உயரத்தைப் படிப்பது எப்படி?

பினாங்கில், விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இறங்கும் விமானத்தைக் கைப்பேசிச் செயலியில் தேடிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அதில் 2,100 அடி என்று காட்டுகிறது. விமானம் அந்த உயரத்தில்தான் இருக்கிறதா? அநேகமாக இல்லை.

முதல் படி, எண் வரும் வழி. தரை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் (கேட்டதும் தானாகப் பதில் அனுப்பும் ரேடியோ கருவி) 1090-இல் பதில் சொல்லும். 'யார் நீ' என்றால், கட்டுப்பாட்டாளர் கொடுத்த நான்கு இலக்க எண். அதில் 8, 9 வராது. 'எவ்வளவு உயரம்' என்றால், என்கோடர் என்ற உயரம் கணிக்கும் கருவி தரும் எண். செயலிக்கு வருவதும் பெரும்பாலும் இந்த 1090 சிக்னல்தான்.

இரண்டாம் படி, என்கோடர். குழப்பமெல்லாம் இங்கேதான். பழைய வகையில், காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், பெட்டி உப்பும். புதியவற்றில் அந்த வேலையை மின்னணு சென்சார் பார்க்கிறது. எதுவானாலும் அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டுமே. கடல்மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு அடிக்கணக்குச் சொல்லும். பைலட் தன் ஆல்டிமீட்டரின் (உயரமானியின்) குமிழைத் திருகி அன்றைய அழுத்தத்தை வைத்தாலும் என்கோடர் கண்டுகொள்ளாது. அதுவும் நல்லதுதான்: ஒருவர் குமிழைத் தப்பாக வைத்தாலும் ரேடாருக்குப் போகும் எண் கெடாது. தாழ்வான உயரங்களில் அன்றைய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்துவது கட்டுப்பாட்டு அறைக் கணினியின் பொறுப்பு.

மூன்றாம் படி, அந்தத் திருத்தத்தை நாமே செய்வது. பினாங்கு விமான நிலைய வானிலை அறிக்கையில் 'க்யூ' எழுத்தை அடுத்து 1009 என்று இருந்தால், 1013-க்கு 4 குறைவு. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி என்றால் 120 அடி. 2,100-இல் கழித்தால் 1,980; பைலட்டின் ஆல்டிமீட்டர் காட்டுவது ஏறக்குறைய இதுதான். அழுத்தம் 1013-ஐத் தாண்டினால் கூட்டுங்கள். நம் ஊரில் முற்பகலில் ஏறும் அழுத்தம் மாலை நான்கைந்து மணிக்குள் இறங்கிவிடும். அதனால் காலை அறிக்கையை வைத்து மாலை விமானத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. என்கோடரும் ஆல்டிமீட்டரும் விமானத்தின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தத்தை அறிகின்றன. 1996-இல் பெரு நாட்டின் லிமாவில் புறப்பட்ட ஏரோபெரு 603 விமானத்தில், கழுவியபோது ஒட்டிய டேப்பை அந்தத் துளைகளிலிருந்து எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கருவிகள் குழம்பியதும் பைலட்டுகள் தரையிடம் உயரம் கேட்டார்கள். கட்டுப்பாட்டாளர் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார். அந்த எண் அதே விமானத்தின் என்கோடர் அனுப்பியது. விமானமோ கடலைத் தொடும் உயரத்தில் இருந்தது.