பேச்சு வந்ததும் திருகாதீர்கள்: வேலூர்ப் பக்கம் வானொலி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை வானொலியின் முதல் அலைவரிசையை விடியற்காலையில் வைத்து, இரவு வரை திருகாமல் விட்டுப் பாருங்கள். செய்தி, வானிலை, உழவர்களுக்கான பேச்சு, மருத்துவர் பேட்டி, மகளிர் நிகழ்ச்சி, இலக்கிய உரை, நாடகம் என்று ஒரே நாளில் பத்து உலகம் வந்து போகும். காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பலரிடம் சொல்லிச் சொல்லி ரேடியோ வாங்க வைத்திருக்கிறேன். பாதிப்பேர் பத்தே நாளில் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். கேட்டால், "ஒரே கரகரப்பு" என்பார்கள். இல்லையென்றால், "பாட்டே போடமாட்டேங்கறாங்க" என்பார்கள். இரண்டுமே கேட்கும் முறையில் வரும் கோளாறு. கொஞ்சம் மெனக்கெட்டால் தீர்ந்துவிடும்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பண்பலை மட்டும் எடுக்கும் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். செல்போனில் ரேடியோ இருந்தாலும் அது பண்பலை மட்டும்தான் எடுக்கும். பண்பலை அலை பார்வை போல நேராகப் போவது. வேலூரோ சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, நாலு பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஊர். சென்னைப் பண்பலை இங்கே தெளிவாக வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதல் அலைவரிசை வருவது மீடியம் வேவ் என்ற மத்திய அலையில்; அது தரையை ஒட்டியே ஊர்ந்து வருவதால் இத்தனை தூரமும் தாங்கும். அதை எடுக்கும் பெட்டியாக வாங்கி, 720 கிலோஹெர்ட்ஸ் என்று முள்ளை வையுங்கள்.

வைத்த பிறகும் இரைச்சல் இருந்தால் உடனே பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். மீடியம் வேவுக்கு மேலே இழுக்கும் ஏரியல் உதவாது. பெட்டிக்குள் நீளவாக்கில் படுத்திருக்கும், கம்பி சுற்றிய ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டுதான் அலையை வாங்குகிறது. தண்டின் நுனி நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி மங்கும், தண்டு குறுக்கே கிடந்தால் ஓங்கும். நமக்குச் சென்னை கிழக்கே. ஆகவே பெட்டியின் நீளவாக்கு வடக்குத் தெற்காக இருக்கட்டும். கான்கிரீட் வீட்டின் சுவரிலும் கூரையிலும் உள்ள இரும்புக் கம்பி அலையை மறைக்கும், ஜன்னலோரம் வையுங்கள். செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் எல்லாமே இரைச்சலைக் கொட்டும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது ஒரு சார்ஜராக இருந்தது; நாலு மாதம் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தோம்.

செல்போனில் அரசு வானொலியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் சுத்தமாகக் கேட்கலாம். ஆனால் இணையத்தில் வருவது சில நொடிகள் பிந்தித்தான் வரும், அதை வைத்துக் கடிகாரம் திருத்தக் கூடாது.

அடுத்தது, நான் பெரிதாக நினைக்கும் தவறு: வானிலையைக் காதில் வாங்காமல் கேட்பது. 1989இல் வடாற்காடு மாவட்டம் இரண்டானது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆனாலும் நம் வாயில் இன்னும் எல்லாமே வேலூர்தான். "வேலூர் மாவட்டத்தில் கனமழை" என்று கேட்டதும் அரக்கோணத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஃபோன் போடுகிறோம். அரக்கோணமும் ஆற்காடும் ராணிப்பேட்டையில் இருக்கின்றன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். அவற்றுக்கான எச்சரிக்கை அந்த மாவட்டங்களின் பெயரில்தான் வரும். நம் பேர் வந்துவிட்டது என்று பாதியிலேயே எழுந்து போனால் அது காதில் விழாது.

இன்னொன்று அந்தச் சொற்கள். கனமழை என்பது வாசிப்பவர் அலங்காரமாகச் சொல்வதல்ல, அளவு வைத்த சொல். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்பதற்கும் கணக்கு உண்டு: அந்தப் பகுதியின் மழைமானிகளில் கால்பங்கு வரை நனையலாம் என்று பொருள். அந்தக் கால்பங்கு எது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் அம்மா "ஓரிரு இடம்னா நம்ம ஊரா இருக்கப்போவுது" என்று சொல்லிவிட்டு, களத்தில் காயப்போட்ட மல்லாட்டையை (நிலக்கடலையை) மூடாமல் தூங்கப் போனார். விடியுமுன் அத்தனையும் நனைந்து, சில நாளில் பாதி முளைவிட்டுப் போனது. ஒரு கையளவு முளைவிட்ட கொட்டையை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "கடந்த 24 மணி நேரத்தில்" பெய்த மழை என்று வாசிப்பதும் காலை 8.30 மணியோடு முடிகிற கணக்கு. மதியம் கொட்டிய மழை அன்று மாலைச் செய்தியில் சேரவில்லையே என்று கோபப்பட வேண்டாம், அது மறுநாள் கணக்கில் வரும்.

உழவர் நிகழ்ச்சிக்கு வருவோம். நிலம் இல்லாதவர்கள் இதைத் தள்ளிவிடுகிறார்கள்; எனக்கு அது வருத்தம். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் தஞ்சாவூர்ப் பக்கம் வானொலி வழியாகவே பரவியது, அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள் விவசாயிகள். பேச்சுக்கு அவ்வளவு பலம் இருந்த நேரம் அது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் பகுதியில், கத்தரி நடுகிறவர் காதை இன்னும் தீட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கையில் பென்சில் இல்லாமல் கேட்கக் கூடாது. அதிகாரிகள் பெரும்பாலும் ஹெக்டேரில் பேசுவார்கள், நாம் ஏக்கரில் நினைப்போம். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்குச் சொன்ன மருந்தை ஏக்கரில் அடித்தால் இரண்டரை மடங்கு, செடி கருகும். "லிட்டர் தண்ணீருக்கு" என்றார்களா, "ஏக்கருக்கு" என்றார்களா என்பதையும் எழுதிவையுங்கள். திருப்பிக் கேட்க வழியில்லை.

மருத்துவரோடு நேரடியாகப் பேசும் நிகழ்ச்சியில் கூப்பிடுகிறவர்கள், பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டபடியே பேசுகிறார்கள். அந்தச் சத்தம் ஃபோனுக்குள் புகுந்து திரும்ப வந்து ஊளையிடும், உங்கள் கேள்வி யாருக்கும் புரியாது. லைன் கிடைத்ததும் பெட்டியை நிறுத்துங்கள். வயது, எத்தனை நாளாக, இப்போது சாப்பிடும் மாத்திரை இவற்றை முதலில் சொல்லிவிடுங்கள். வானொலியில் கேட்டதை நம்பி நடப்பு மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து.

உரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டிமன்ற வேகத்துக்குப் பழகிய காதுக்கு வானொலி உரை மெதுவாகத் தெரியும். அந்த நிதானம் வேண்டுமென்றே வைத்தது. முகமும் கையசைவும் இல்லாத இடத்தில் ஒரு சொல் மனதில் இறங்க நேரம் வேண்டும். "இன்று ஒரு தகவல்" சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஒரு நாளும் அவசரப்பட்டுப் பேசியதில்லை. அவர் மறைந்தது 2009இல். அந்தக் குரலைக் கேட்டவர்கள் இன்றும் அதைக் காதுக்குள் வைத்திருக்கிறார்கள்.

நாடகத்துக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்து உட்காராதீர்கள். யார் யார் என்பதை முதல் சில வசனங்களிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊன்றிவிடுவார்கள், பிறகு குரல்தான் அடையாளம். அந்த முதல் நேரத்தில் குக்கர் விசில் அடித்தால் கதையே போச்சு. வெளிச்சத்தைக் குறைத்து, வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காருங்கள். சூரியன் மறைந்தபின் தூரத்து நிலையங்களும் மீடியம் வேவில் ஏறி வரும், வேறு குரல் குறுக்கே ஓடும். அப்போது பெட்டியை மெல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்கிடும் நிலையம் வேறு திசையில் இருந்தால் ஓர் இடத்தில் அது அமுங்கும்.

பிடித்திருந்தால் எழுதுங்கள். அஞ்சலட்டை இன்னும் ஐம்பது பைசாதான். "நிகழ்ச்சி நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் தயாரித்தவருக்கு ஒன்றும் பிடிபடாது. தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், எந்த வரி உங்களைப் பிடித்து நிறுத்தியது, எந்தச் சொல் புரியவில்லை, எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், அங்கே ஒலி எப்படி எடுத்தது, எல்லாம் அந்தச் சின்ன அட்டையில் அடங்கும். மல்லாட்டை நனைந்த வாரம் அம்மா போட்ட அட்டையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: ஓரிரு இடங்கள் என்றால் எத்தனை இடங்கள்?