உரையாடல் மட்டும் ஒட்டவில்லையா? சிறுகதை வரைவைச் சரிசெய்யும் முறை

முதல் வரைவு முடிந்தது, எழுத்துப்பிழையும் பார்த்தாயிற்று. ஆனாலும் கதையில் வருகிற எல்லோரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்களா? இந்தப் பதிவு அதற்குத்தான்.

முழுதாக முடிந்த, பத்துப் பக்கத்துக்கு மிகாத ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கதையில் இதைச் செய்ய வேண்டாம். வசனத்தைச் செதுக்கி அழகாக்கிவிட்டால், பிறகு அந்தக் காட்சியே தேவையில்லை என்று தெரிந்தாலும் வெட்ட மனசு வராது.

1. வசனத்தைத் தனியாகப் பிரியுங்கள்

புதிய கோப்பு ஒன்று திறந்து, மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் அதில் ஒட்டுங்கள். வரிக்கு ஒரு வசனம். பெயர், "என்றான்", "கேட்டாள்" எதுவும் வேண்டாம். அச்செடுத்துவிடுங்கள். திரையில் கண் தாவிக்கொண்டே போகும், தாளில் நிற்கும்.

மறுநாள் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பேசுவது யார் என்று பென்சிலால் குறியுங்கள். "ம்", "சரி" போன்றவை கணக்கில்லை. அதற்கு மேற்பட்ட வரியில் ஆள் பிடிபடவில்லை என்றால் சுழித்து வையுங்கள். சுழித்த வரிகள் பெரும்பாலும் கேள்விக்கு நேரான பதில்களாக இருக்கும். கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆளுக்குக் குணம் வெளிப்பட வாய்ப்பே இல்லை. அவர் எதைத் தட்டிக்கழிப்பார், எதற்குப் பதிலாக எதைப் பேசுவார் என்று யோசித்து அந்த வரிகளைத் திரும்ப எழுதுங்கள்.

2. வாசகருக்காகப் பேசுகிற வரிகளைப் பிடியுங்கள்

ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி: கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு இது ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் அது வாசகருக்குச் சொன்னது.

"தம்பி, அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. நீ சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறாய். இப்போது வீட்டை விற்க வேண்டும் என்று வந்திருக்கிறாய்" என்று அக்கா கோபத்துடன் கூறினாள்.

அப்பா செத்த வருஷத்தைத் தம்பிக்கு அக்கா சொல்லித் தர வேண்டியதில்லை. அதே செய்தியை இப்படி இறக்கலாம்:

அக்கா சொம்பை அவன் முன்னால் வைத்தாள்.
"லீவா?"
"ரெண்டு நாள்."
"பேங்க்ல லேசுல லீவு தர மாட்டாங்களே."
அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.
"பத்திரம் எங்கக்கா இருக்கு?"
"அப்பா வச்ச இடத்துலதான். மூணு வருஷமா யாரும் தொடல."

வேலை, அப்பாவின் சாவு, வந்த காரியம் மூன்றும் வந்துவிட்டன. "கோபத்துடன்" தேவைப்படவில்லை. சென்னை வரவில்லை, வர வேண்டியதுமில்லை. அடுத்த பக்கத்தில் பஸ் டிக்கெட்டோ ரயில் நேரமோ வரும்போது தானாகத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் முதல் காட்சியிலேயே சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இந்தக் கோளாறுக்கு மூலம்.

3. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்: ஒரு கட்டம்

நான்கு பாத்திரங்கள் என்றால் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள். மூலைவிட்டத்தை விட்டால் 12 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம்: நீயா நீங்களா, கூப்பிடும் சொல் என்ன. அக்கா தம்பியை "டா" போடுவாளா? மருமகள் மாமியாரை "அத்தை" என்பாளா "அம்மா" என்பாளா? கணவனை "ஏங்க" என்பவளா, பெயர் சொல்பவளா? கொங்குப் பக்கத்துக் குடும்பம் என்றால் சின்னவர்களிடமும் "ங்க" வரும், அதையும் குறியுங்கள்.

பிறகு வரைவை இந்தக் கட்டத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் பக்கத்தில் "வாங்க" என்றவள் ஏழாம் பக்கத்தில் "வா" என்றால், ஒன்று அது சண்டை முற்றிய இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கவனப் பிசகு. முற்றிய இடம் என்றால் அந்த ஒரு மாற்றமே போதும். கூடவே "அவள் முகம் சிவந்தது" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

4. பேச்சு வழக்கை எழுத்தில் கொண்டுவருவது

நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான், நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் தேர்வு. வசனம் எழுத்து வழக்கிலா, பொதுவான பேச்சு வழக்கிலா, ஒரு வட்டாரத்தின் பேச்சிலா? மூன்றுமே செல்லும். கலந்தால்தான் செல்லாது. ஒரே ஆள் ஒரு வரியில் "எனக்குத் தெரியவில்லை" என்றும் அடுத்த வரியில் "தெரியலப்பா" என்றும் பேசினால் வாசகர் தடுக்கி விழுவார். தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை பொதுப் பேச்சு வழக்கு.

அடுத்தது எழுத்துக்கூட்டல். பேச்சு வழக்குக்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. போயிட்டு, போய்ட்டு, வச்சு, வெச்சு, என்கிட்ட, எங்கிட்ட என்று எல்லாமே அச்சில் உண்டு. எதை எடுத்தாலும் சரி, கதை முழுக்க அதுவே இருக்க வேண்டும். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வடிவங்களை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இல்ல, அதுக்கு, வேணும், வேணாம், சொல்றேன், இருக்கு, வச்சு, போயிட்டு, என்னோட, வரேன்னு. பதிப்பகங்களில் பிழை திருத்துகிறவர்களும் இப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள்.

நான் வலியுறுத்தும் விதி ஒன்று உண்டு: சொல்லின் முதல் பாதியை அப்படியே விடுங்கள், கடைசிப் பாதியை மட்டும் மாற்றுங்கள். "விலை"யை "வெலை" என்றும், "உடம்பு"வை "ஒடம்பு" என்றும் எழுத வேண்டாம். "விலையச் சொல்லு", "உடம்புக்கு முடியல" என்று எழுதினால் வாசகர் தாமே "வெலை", "ஒடம்பு" என்று மனதுக்குள் ஒலித்துக்கொள்வார். முதல் எழுத்தையே மாற்றினால் சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு கணம் நிற்பார். ரெண்டு, மூணு போல ஊன்றிப்போன சில வடிவங்களுக்கு மட்டும் விலக்கு.

இனி பெரிய பள்ளம்: "வந்தா". பேச்சில் "வந்தாள்" என்பதும் "வந்தால்" என்பதும் "வந்தா"தான். "வந்தான்" என்பதில் ன் மூக்கொலியாகத் தேய்ந்துவிடும் என்பதால் சிலர் அதையும் "வந்தா" என்று எழுதிவிடுகிறார்கள். "அவன் வந்தா" என்று அச்சில் பார்த்ததும் வாசகர் "அவன் வந்தால்" என்று படித்துவிட்டு, மீதி வாக்கியத்தைத் தேடுவார். அதனால்:

- ஆண்பால் ன்-ஐ ஒருபோதும் விடாதீர்கள். "வந்தான்", "போனான்", "சொன்னான்" அப்படியே இருக்கட்டும்.
- பெண்பாலில் வாக்கியம் அங்கேயே முடிந்தால் "அவ நேத்து வந்தா." சரி.
- வாக்கியம் அறுந்து தொங்கும் இடத்தில், அதாவது முப்புள்ளி வைக்கும் இடத்தில், ள் போடுங்கள். "அவ வந்தா..." என்றால் வந்தாளா, வந்தால் என்ன ஆகும் என்பதா என்று புரியாது.

வட்டார வழக்கில்தான் எழுதுவேன் என்பவர்களுக்கு: மூன்று நான்கு அடையாளங்கள் போதும். மதுரைக்கு "வந்தாய்ங்க", "போயிருச்சு". கொங்குக்கு "ஏனுங்க", "வரோணும்". யாழ்ப்பாணத்துக்கு "வாறன்", "கதைக்கிறன்". ஒவ்வொரு சொல்லையும் வளைத்தால் அந்த ஊர்க்காரரே சிரமப்பட்டுத்தான் படிப்பார். மதுரைக்காரர் வாயில் ஒரு இடத்தில் "போயிருச்சு"வும் இன்னொரு இடத்தில் "போயிடுச்சு"வும் வந்தால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சொல் சந்தேகம் என்றால், 1982இல் வந்த கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் பக்கத்துக்கு உதவும். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பேச்சு வழக்கையும் இலங்கை வழக்கையும் குறித்துக் காட்டும். தெரியாத ஊரின் பேச்சைச் சினிமா பார்த்து மட்டும் எழுதாதீர்கள்.

வாணி மாதிரியான பிழைதிருத்தியை விவரணைக்கு, அதாவது வசனம் அல்லாத பகுதிக்கு மட்டும் ஓட்டுங்கள். வசனத்தில் ஓட்டினால் பக்கம் முழுக்கப் பிழை காட்டும், அதற்குப் பயந்து பேச்சை எழுத்து வழக்குக்கு மாற்றிவிடுவீர்கள்.

5. என்றான், என்றாள்

கன்ட்ரோல் எஃப் போட்டு "என்றா" என்று தேடுங்கள். என்றான், என்றாள், என்றார் மூன்றும் அகப்படும். பிறகு "கூறின", "பதிலளித்த", "கர்ஜித்த", "முணுமுணுத்த" தேடுங்கள். இந்த இரண்டாம் கூட்டத்தில் பெரும்பாலானதை "என்றான்" ஆக்கலாம், அல்லது எடுத்தே விடலாம்.

தமிழில் இன்னொரு சிக்கல், "என்றாள்" கடைசியில் வருவது. வசனம் நான்கு வரி நீண்டால், யார் பேசியது என்று நான்காம் வரி முடிந்தபிறகுதான் தெரியும். நீண்ட வசனத்துக்கு முன்னால் பேசுகிறவரின் ஒரு செய்கையை வையுங்கள்: "மாமா கண்ணாடியைக் கழற்றினார்." அடுத்து வசனம். முடிவில் ஒன்றும் வேண்டாம்.

காட்சியில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தால் "என்றாள்" ஆளைக் காட்டாது. மூத்தவர் இருவர் இருந்தால் "என்றார்" ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாது. அங்கே மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை பெயரையோ உறவுச் சொல்லையோ போட்டுவிடுங்கள். அழகுக்காக "அந்த நீலப்புடவைக்காரி" என்றெல்லாம் மாற்றி மாற்றி எழுத வேண்டாம்.

6. வாய்விட்டுப் படியுங்கள்

செல்பேசியில் பதிவு போட்டு வசனங்களை மட்டும் படித்து, திரும்பக் கேளுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடையுங்கள். எட்ஜ் உலாவி தமிழை உரக்க வாசிக்கும், விவரணைக்கு அது நல்ல கருவி. பேச்சு வழக்குக்கு அது தோதுப்படாது, உங்கள் குரல்தான் சரி.

பின்சேர்க்கை: வந்த கேள்விகள்

*"நான்" என்று கதை சொன்னால் விவரணையும் பேச்சு வழக்கிலா?* கதைசொல்லி எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோன்ற கதை என்றால் செய்யலாம். அப்போது வசனத்தையும் விவரணையையும் பிரிக்க மேற்கோள் குறி கட்டாயம். முதல் சில கதைகளுக்கு விவரணையை எழுத்து வழக்கில் வைப்பதே வசதி.

*தேடினால் சில சொற்கள் அகப்படவில்லை.* "சொ", "போ" போன்ற எழுத்துகளில் வரும் ஒகர, ஓகாரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்பாதி பின்பாதி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் சில செயலிகள் இரண்டையும் வேறு சொல்லாக நினைக்கும். "சொன்னா" என்று தேடாமல் "ன்னான்", "ன்னாள்" என்று தேடிப் பாருங்கள்.

*பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கதை.* முழுவதையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எதையும் தேட முடியாது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. அதனால் கோப்பின் நடுவே ஆங்கில எழுத்துருவில் உண்மையான அரைப்புள்ளி போட்டிருந்தால், மாற்றும்போது அதுவும் மேலே ஏறிப் புள்ளியாகிவிடக்கூடும். மாற்றியபிறகு அரைப்புள்ளியையும் மேற்கோள் குறிகளையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு முதல் படிக்குப் போங்கள்.