லேப்டாப்பின் புராசசரை மாற்றுவதும் கிராஃபிக்ஸ் வேகத்தைக் கூட்டுவதும்

லேப்டாப்பின் புராசசரை மாற்ற முடியுமா என்பது, அது சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்டெல் வரிசையில் 2013இல் வந்த 4ஆம் தலைமுறைக்குப் பிறகு, லேப்டாப்புக்கென்றே செய்யப்படும் புராசசர்கள் சால்டர் செய்யப்பட்டே வருகின்றன. சிபியு-இசட் என்னும் இலவச நிரலில் 'பேக்கேஜ்' வரியைப் பாருங்கள். அங்கே ஆர்பிஜிஏ (rPGA) என்றிருந்தால் மாற்றலாம், பிஜிஏ (BGA) என்றிருந்தால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

மாற்றத்தக்கவற்றுள் பழைய பொருள் சந்தையில் இன்றும் கிடைப்பது லெனோவோ திங்க்பேட் டி430. அதில் பெரும்பாலும் ஐ5-3320எம் இருக்கும். இரண்டு கோர், 35 வாட். அதற்குப் பதிலாக ஐ7-3632கியூஎம் போடுவதே என் பரிந்துரை. நான்கு கோர் இருந்தும் அதுவும் 35 வாட்டுக்குள்ளேயே நிற்பதால், இருக்கும் ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம், தாங்கும். 45 வாட் மாடல்களும் அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் சூடேறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் புராசசருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

முதலில் பயாஸை, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலை, புதுப்பித்துவிட்டு, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிய பின்பே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். கீபோர்டையும் கைவைக்கும் பலகையையும் நீக்கினால் ஹீட்சிங்க் தெரியும். அதன் திருகுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்துங்கள். சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள திருகைத் திறந்த பூட்டுக் குறியின் பக்கம் திருப்பியதும், பழைய புராசசர் எவ்வித இழுப்புமின்றி மேலே வர வேண்டும். வரவில்லையென்றால் பூட்டு முழுவதும் திறக்கவில்லை என்று பொருள். நெம்பக் கூடாது, ஏனெனில் அடியில் உள்ள 988 ஊசிகளுள் ஒன்று வளைந்தாலும் வேலை கெட்டுவிடும். மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்திப் புதியதை வைத்து, திருகைப் பூட்டுங்கள். புராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும். ஃபேன் இறக்கைகளில் அப்பியிருக்கும் தூசியையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பல லேப்டாப்புகளில் இந்தத் துப்புரவு மட்டுமே பாதி மேம்பாடு. சார்ஜர் 65 வாட் என்றால் 90 வாட்டுக்கு மாறுவது உசிதம்.

ஐ7-3632கியூஎம்மை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது; அதன் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி பூட்டப்பட்டது. அந்தத் தலைமுறையில் முழுமையாகத் திறந்துவிடப்பட்டவை 'எக்ஸ்எம்' என முடியும் 55 வாட் மாடல்கள் மட்டுமே. 4ஆம் தலைமுறை முதல் வேறொரு வழி உண்டு: த்ராட்டில்ஸ்டாப் நிரலால் மின்னழுத்தத்தைக் குறைப்பது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், சிறிது குறைத்தாலும் சூடு நன்றாகத் தணிந்து, புராசசர் தன் உச்ச வேகத்தில் அதிக நேரம் நிற்கும். ஆயினும் 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்னும் பாதுகாப்புக் குறை வெளியானபின், பயாஸ் வழியாகப் பல லேப்டாப்புகளில் இவ்வசதி பூட்டப்பட்டுவிட்டது.

கிராஃபிக்ஸ் சிப்பை மாற்றும் வாய்ப்பு இன்னும் அரிது. எம்எக்ஸ்எம் என்னும் கழற்றி மாட்டத்தக்க கிராஃபிக்ஸ் அட்டை கொண்ட சில கனமான லேப்டாப்புகளைத் தவிர, மற்றவற்றில் அது போர்டோடு ஒட்டியதே. டி430இன் எக்ஸ்பிரஸ்கார்டு துளை வழியே, தனி மின்வழங்கியோடு டெஸ்க்டாப் கிராஃபிக்ஸ் அட்டையை வெளியே இணைக்கலாம். ஆனால் அந்தப் பாதை வினாடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் மட்டுமே தரும் என்பதால் விலையுயர்ந்த அட்டை அங்கே வீண்.

என்விடியா ஜிடிஎக்ஸ் 10 வரிசை போன்ற லேப்டாப் சிப்களின் வேகத்தைக் கூட்ட எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரல் ஏற்றது. கோர் கிளாக்கை, அதாவது சிப்பின் இயங்கு வேகத்தை, 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஏதேனும் கனமான கேமை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள் மின்னினாலோ டிரைவர் நின்று மீண்டாலோ, 50 மெகாஹெர்ட்ஸ் பின்வாங்குங்கள். மெமரி கிளாக்கைத் தனியாக, கோர் நிலைபெற்ற பிறகே தொட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது பிழை செய்கிறது என்று தெரியாது. வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டுமானால், கிளாக்கை ஏற்றுவதை விட்டுவிட்டு கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் வரும் மின்னழுத்த-வேக வளைவில், அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் பெற முயலுங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்புகள் செயல்படும் தெரிவை, ஒரு வாரமாவது சிக்கலின்றி ஓடிய பிறகே இயக்க வேண்டும். முன்பே இயக்கிவிட்டு அமைப்பு தவறாக இருந்தால், தேவையான அடிப்படை நிரல்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்துதான் அதை நீக்க வேண்டிவரும்.