ஃபெரெட்டுக்கு அட்ரினல் நோய் வந்தால்

கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள செல்லப் பிராணியான ஃபெரெட்டுக்கு முடி கொட்டினால் சேலத்து வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். வாலடியில் தொடங்கி இடுப்பு, முதுகு என்று முன்னால் ஏறினால், கூடவே அரிப்பும் இருந்தால், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஹார்மோன் சுரக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகியுங்கள். கருத்தடை செய்த பெட்டைக்குப் பிறப்புறுப்பு வீங்கினாலும் அப்படித்தான்.

எங்கள் முத்துவுக்குத் தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில், அரிசி மாதிரி ஒரு டெஸ்லோரெலின் மருந்துக் குச்சி வைத்திருக்கிறார்கள், 4.7 மில்லிகிராம். அது ஹார்மோனை அடக்கும், சுரப்பியில் உள்ள கட்டியைக் கரைக்காது. மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி வைக்க வேண்டும். அறுவை சிகிச்சையும் உண்டு. எது சரி என்று ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஆண் என்றால் சிறுநீரில்தான் என் முழுக் கவனமும். சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்துவிடும். அது சிறுநீர் கழிக்கும் தட்டில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள், காலையில் ஈரம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியும். வால் தூக்கி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே கிளம்புங்கள், உயிர் போகிற விஷயம்.

அப்புறம், மாலையானதும் திரை போட்டு நல்ல இருட்டு கொடுங்கள். நீண்ட நேர வெளிச்சம் இந்த ஹார்மோன்களைத் தூண்டும். ஏப்ரலில் அறை 27 டிகிரியைத் தாண்டாமல் ஏசி ஓடட்டும். டிசம்பரில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனால், முடியில்லாத உடம்புக்குக் கம்பளித் துணி வேண்டும்.