கட்டி முடித்த வீட்டை விருதுக்கு அனுப்புவது எப்படி

கட்டடம் நன்றாக வந்திருக்கிறது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள், விருதுக்கு அனுப்பலாமே என்று நினைக்கும் சின்ன ஆபீஸ் ஆர்க்கிடெக்ட்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் சுற்றில் ஜூரி, அதாவது நடுவர் குழு, உங்கள் கட்டடத்துக்குள் நடந்து பார்க்கப்போவதில்லை. பிளான், போட்டோ, குறிப்பு எல்லாம் அடக்கி நீங்கள் அனுப்பும் சில ஷீட்டுகளைத்தான் பார்ப்பார்கள், அதுவும் நூற்றுக்கணக்கான ஷீட்டுகளுக்கு நடுவில். அதனால் ஷீட் தயாரிப்பதையும் ஒரு டிசைன் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது? 1917-ல் பம்பாயில் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ், அதாவது ஐ.ஐ.ஏ, தேசிய அளவில் விருது கொடுக்கிறது, மாநில அளவில் அதன் தமிழ்நாடு கிளையின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஜே.கே. சிமென்ட் 1990 முதல் நடத்தும் விருதுகள் இருக்கின்றன. பழைய கட்டடத்தைச் சீரமைத்தவர்கள் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளையும் பார்க்கலாம். ஸ்ரீரங்கம் கோயில் 2017-ல் அதில் விருது வாங்கியது, பழைய வடிகால்களையும் மழைநீர் சேகரிப்பையும் மீட்டெடுத்த வேலைக்கும் அந்தப் பாராட்டில் பங்கு உண்டு. கோபுரத்துக்கு வர்ணம் அடித்ததை மட்டும் படம் பிடித்து அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

விதிமுறைகளை முழுசாகப் படியுங்கள். கட்டி முடித்த தேதி எந்த வருஷத்துக்குள் இருக்க வேண்டும், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் பதிவு யார் பெயரில் கேட்கிறார்கள், வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வேண்டுமா, போட்டோ எடுத்தவர் அந்தப் படங்களைப் போட்டிக்குப் பயன்படுத்த ஒப்புக்கொண்டாரா. ஷீட்டில் பெயர் வரக்கூடாது என்று சொல்லியிருந்தால் மூலையில் உள்ள லோகோவை எடுத்தால் மட்டும் போதாது, பிளானின் ஓரத்தில் விவரம் எழுதும் டைட்டில் பிளாக்கிலும் ஃபைல் பெயரிலும் ஆபீஸ் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் தேடி எடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உள்ளூர் விருது என்றால் ஜூரியில் பாதிப் பேராவது உங்கள் ஊர் வெயிலிலும் மழையிலும் கட்டடம் கட்டியவர்களாக இருப்பார்கள், அவர்களிடம் கதை விட முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். வடக்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துவிட்டு ‘நேரடி வெயில் வராது’ என்று அம்புக்குறி போட்ட, வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன்கள் ஏராளமாக வரும். டெல்லியில் உச்சி வெயில் வருஷம் முழுக்கத் தெற்கேதான். சென்னை அப்படி இல்லை, ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். அதாவது கத்திரி வெயில் முழுக்க உங்கள் வடக்கு ஜன்னல் பக்கம்தான். உச்சிப் பொழுதில் சின்ன சன்ஷேடே சமாளித்துவிடும், ஆனால் காலையில் வடகிழக்கிலிருந்தும் சாயங்காலம் வடமேற்கிலிருந்தும் தாழ்வாக வரும் வெயிலுக்குப் பக்கவாட்டில் தடுப்பு வேண்டும். அதை நீங்கள் செய்திருந்தால் மே மாதத்துச் சூரியக் கோணத்தைப் போட்டுக் காட்டுங்கள், அந்த ஒரு வரைபடம் கணினியில் செய்த பத்து ரெண்டர் படங்களுக்குச் சமம். செய்யவில்லை என்றால் அந்த அம்புக்குறியைப் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

குறிப்பு எழுதுவதில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள். ‘மரபையும் நவீனத்தையும் இணைத்து இயற்கையோடு உரையாடும் இல்லம்’ என்று எழுதினால் அது யார் வீட்டுக்கும் பொருந்தும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘30-க்கு 60 மனை. மேற்கே தெரு, மற்ற மூன்று பக்கமும் வீடுகள். சாயங்கால வெயில் முழுக்க முகப்பில் விழும் என்பதால் மாடிப்படியையும் குளியலறைகளையும் மேற்கே வைத்து, கூடத்தை முற்றத்துப் பக்கம் திருப்பினோம்.’ மனை என்ன தொல்லை கொடுத்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இரண்டும் வந்துவிட்டது. மீதி இடம் இருந்தால் செலவை எழுதுங்கள், சதுர அடிக்கு என்ன ஆனது என்று. குறைந்த செலவில் கட்டியதை ஏன் மறைக்க வேண்டும்?

போட்டோவுக்கு வருவோம். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் காலி வீட்டை அகலமான லென்ஸில் எடுத்து, பத்தடி அறையை மண்டபம் மாதிரி காட்டுவது பழைய வித்தை, ஜூரி பிளானில் அளவைப் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். குடும்பம் குடிவந்து ஒரு மழைக்காலம் போகட்டும். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்கும் படம், மழை பெய்யும்போது முற்றத்துத் தண்ணீர் எங்கே வடிகிறது என்று காட்டும் படம், இவை இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் ஏசி அவுட்டோர் யூனிட்டையும் கணினியில் அழிக்காதீர்கள். அவற்றுக்கு நல்ல இடம் யோசித்து வைத்திருந்தால் அதையே தனியாக ஒரு படமாகப் போடலாம், யாரும் போட மாட்டார்கள் என்பதால் கண்ணில் படும்.

பிளானில் வடக்குக் குறியும் அளவுகோலும் விட்டுப்போகக் கூடாது. ஷீட் ஏ1 அளவு என்றால் 594-க்கு 841 மில்லிமீட்டர், ஆனால் ஜூரி அதை லேப்டாப் திரையில் பார்க்கவும் வாய்ப்பு அதிகம், அதனால் எழுத்து இரண்டிலும் படிக்க வருகிறதா என்று ஒரு தடவை ஏ3-ல் பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

பங்களித்தவர்கள் பட்டியலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு நிறுத்திவிடாதீர்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட கொத்தனார், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்தவர், கதவு செய்த ஆசாரி, எல்லோர் பெயரையும் அவர்களிடம் கேட்டுச் சரியாக எழுதுங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை, அந்த வேலையை ஊரில் இன்னும் யார் செய்கிறார்கள் என்று ஜூரியில் ஒருவர் நிச்சயம் கேட்பார்.

அடுத்த சுற்றுக்கு வந்தால் நேரில் பார்க்க ஆள் வரலாம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஆனால் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வருகிறவர்கள் உங்களை விட்டுவிட்டு அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம்தான் ‘புகை வெளியே போகுதாம்மா?’ என்று கேட்பார்கள்.