கருவாட்டுக் குழு நடத்தக் கற்றுக்கொள்ளலாம்: நிர்வாகத்தின் ஐந்து வேலைகள், படிப்படியாக

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபம் பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டு பெண்கள். நெத்திலி வாங்கிக் காயவைத்துக் கருவாடாக விற்கிறோம். தொடங்கிய வருடம் ஐப்பசியில் ஒரு நாள், மீன் மலிவாகக் கிடைத்தது என்று 300 கிலோ வாங்கிவிட்டோம். மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஓர் அக்கா வீட்டில் இருந்தது. அவர் ராமநாதபுரம் போயிருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த மூன்று நாளும் வெயில் முகமே காட்டவில்லை. அத்தனையும் புழு வைத்து, குழி தோண்டிப் புதைத்தோம்.

அன்றைக்கு மழையைத்தான் திட்டினோம். பிறகு உட்கார்ந்து பேசியபோதுதான் புரிந்தது. ஐப்பசியில் மழை வரும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மீன் வாங்கும் முடிவோடு அதைச் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. தார்ப்பாய் யார் பொறுப்பு என்று யாரும் பேசி வைக்கவில்லை. பன்னிரண்டு பேரும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறவர்கள். உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களிடம் இல்லாமல் போனது நிர்வாகம்.

புதிதாகக் குழுவோ சிறு தொழிலோ தொடங்குகிறவர்களுக்காக, நாங்கள் பட்டுக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். ஒரு நீள நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த ஐந்து வேலைகள் எங்கிருந்து வந்தன?

ஹென்றி ஃபேயோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். சுரங்கப் பொறியாளர். 1888-ல், நொடித்துப்போகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, முப்பது வருடம் நடத்தி அதை நிமிர்த்தினார். நிலக்கரி தோண்டும் அறிவு வேறு, தோண்டுகிற ஆட்களையும் பணத்தையும் பொருளையும் சேர்த்து நடத்தும் அறிவு வேறு என்று அந்த அனுபவத்தில் கண்டார். இரண்டாவது அறிவையும் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பினார். 1916-ல் அதை ஐந்தாகப் பிரித்து எழுதினார்: திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். பின்னால் வந்தவர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைத் தனி வேலையாகச் சேர்த்தார்கள். கட்டளையிடுதல் என்பது இயக்குவித்தல் என்று ஆனது. ஒருங்கிணைத்தலை எல்லா வேலைக்குள்ளும் ஓடும் நூலாகப் பலர் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் படிப்பதும் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான்.

சுரங்கத்துக்குப் பொருந்தியது கருவாடு காயவைக்கும் பரணுக்கும் பொருந்துகிறது. அதனால்தான் இதை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

படி 1: திட்டமிடுதல்

எல்லோரும் முதலில் பணத்தில் தொடங்குவார்கள். எவ்வளவு கடன் கிடைக்கும், எவ்வளவு லாபம் வரும் என்று. நீங்கள் நாட்காட்டியில் தொடங்குங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள்: பொருள் கிடைக்குமா, வேலை நடக்குமா?

எங்கள் கட்டங்கள் இப்படி நிரம்பின. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மட்டும் போகும். வெயில் அருமையாக அடிக்கும், ஆனால் மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அப்புறம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) ஓரளவு அமைதியாக இருக்கும், ஆகவே மீனுக்கு வடகடல் பக்கம் போக வேண்டும். மணல் பறக்கும் காலமும் அதுதான், வலை போட்டு மூடாமல் காயவைத்தால் கருவாட்டைக் கடிக்கும்போது பல்லில் நறநறக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடைக்காற்றில் வடகடல் முரடாகிவிடும், தென்கடல் பக்கம் மீன் பார்க்க வேண்டும். மீன் கிடைத்தாலும் வெயில் கிடையாது. தை பிறந்த பிறகுதான் மீனும் வெயிலும் சேர்ந்து வரும்.

இந்த ஒரு பக்கத்தை முதலிலேயே எழுதியிருந்தால் அந்த 300 கிலோவை வாங்கியிருக்க மாட்டோம்.

அடுத்தது அளவு. எவ்வளவு வாங்கலாம் என்பதைக் கையில் உள்ள பணம் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வேலையில் எது மிகக் குறுகலான இடமோ அது தீர்மானிக்க வேண்டும். எங்களுக்கு அது பரண். கம்பு நட்டு வலை கட்டிய பரணில் ஒரு நாளைக்கு 100 கிலோ பச்சை நெத்திலிதான் நெருக்கமில்லாமல் பரப்ப முடியும். ஆகவே வெயில் மாதங்களில் எங்கள் வரம்பு 100 கிலோ. தையல் குழுவுக்கு அது மிஷின் எண்ணிக்கையாக இருக்கும், இட்லி மாவு விற்பவருக்குக் கிரைண்டராக இருக்கும். உங்கள் குறுகலான இடத்தைக் கண்டுபிடித்து முதல் பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு வரி: "இது நடக்காவிட்டால்?" மழை வந்தால், வியாபாரி வராவிட்டால், ஐஸ் கிடைக்காவிட்டால். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் போதும்.

திட்டம் என்றால் அதிகம் செய்வதற்கு மட்டும் போடுவது என்று நினைக்க வேண்டாம். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே வரம்பு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே. அவர்களுக்குத் தலைமை ஏற்ற லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. இந்தக் கரையில் நான் பார்த்த திட்டங்களில் அதற்கு இணையானது வேறில்லை.

படி 2: ஒழுங்கமைத்தல்

இரண்டாவது பக்கத்தில் வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள். எங்களுக்கு: கரையில் ஏலத்தில் மீன் எடுப்பது, ஆட்டோவில் கொண்டுவருவது, கழுவிக் குப்பை பொறுக்குவது, பரணில் பரப்புவது, திருப்பிப் போடுவது, காக்காயும் நாயும் வராமல் பார்ப்பது, தார்ப்பாய், எடை போட்டுப் பையில் அடைப்பது, விற்பது, பணம் வசூலிப்பது, நோட்டு எழுதுவது. தார்ப்பாய் என்று தனியாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தீர்களா? சின்ன வேலைதான் யார் கையிலும் இல்லாமல் விழும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். "எல்லோரும்" என்று எழுதாதீர்கள். எல்லோரும் என்று எழுதிய வேலையை, அடுத்தவர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஒருவருக்கு ஒருவரே வேலை சொல்ல வேண்டும். ஃபேயோலும் இதை வலியுறுத்துகிறார். எங்கள் குழுவில் தலைவி "மீனைத் திருப்பிப் போடு" என்பார், செயலாளர் அதே நேரத்தில் அதே பெண்ணை "பாக்கெட் போட வா" என்பார். அந்தப் பெண் யார் பேச்சைக் கேட்டாலும் இன்னொருவருக்கு வருத்தம். இப்போது பரண் பக்கம் தலைவி சொல், பாக்கெட் அறையில் செயலாளர் சொல். சண்டை பாதி குறைந்துவிட்டது.

பொருள்களுக்கும் இடம் குறிக்க வேண்டும். தார்ப்பாய் இப்போது பரணுக்குப் பக்கத்திலேயே ஒரு டிரம்மில் இருக்கிறது. யார் வீட்டுக்கும் போகாது.

படி 3: பணியமர்த்துதல்

குழுவில் ஆள் ஏற்கெனவே இருப்பதால் இது தேவையில்லை என்று தோன்றும். ஆனால் யாருக்கு எது வரும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் இந்த வேலை. எங்களில் ஒரு மதினி, மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் அவரைப் பாக்கெட் ஒட்ட வைத்திருந்தோம், ஏலத்துக்குப் போனது வாய்ச்சாமர்த்தியம் உள்ள வேறொருவர். இடம் மாற்றிய பிறகு நல்ல மீன் வரத் தொடங்கியது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். முதல் ஆள் வராத நாளில் அவர் செய்வார். அதற்கு அவருக்கு முன்கூட்டியே அந்த வேலையைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

படி 4: இயக்குவித்தல்

பெயர் எழுதிவிட்டால் வேலை தானாக நடந்துவிடாது. காலையில் யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் எழுத அதிகம் இல்லை, பழக வேண்டியது நிறைய.

நாங்கள் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பேசுகிறோம். இன்றைக்கு எவ்வளவு மீன், காற்று எந்தப் பக்கம், எப்போது திருப்பிப் போடுவது. அவ்வளவுதான். சொல்லும் விதமும் முக்கியம். ஒரு புதுப் பெண் மீனைக் குவியலாகப் பரப்பியபோது தலைவி சொன்னது என் காதில் இருக்கிறது: "தங்கச்சி, ஒன்னு மேல ஒன்னு கெடந்தா அடியில இருக்கிறது காயாதுமா, நாறிப்போகும். இந்தா, இப்படி விரல்ல தள்ளு." திட்டு இல்லை. காரணம் இருந்தது, கையால் காட்டியும் கொடுத்தார். அந்தப் பெண் மறுபடி அந்தத் தவறைச் செய்யவில்லை.

நம் குழுக்களில் வேலை செய்பவர் பக்கத்து வீட்டுக்காரர், சம்பந்தி, சின்னம்மா மகள். கோபமாக ஒரு சொல் விழுந்தால் அது தெருவுக்கும் போகும், அடுத்த கல்யாண வீட்டுக்கும் போகும். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நன்றாகச் செய்ததைக் கூட்டத்தில் சொல்லுங்கள். பங்குப் பணத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். தேதி தவறிவிட்டால் என்ன பேசினாலும் ஏறாது.

படி 5: கட்டுப்படுத்துதல்

பெயரைக் கேட்டதும் ஆட்களை அடக்குவது என்று பயப்படுகிறார்கள். இது அளந்து பார்க்கும் வேலை. நினைத்தது என்ன, நடந்தது என்ன, வித்தியாசம் எவ்வளவு, ஏன், இனி என்ன மாற்றுவது. பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். கூட்டம் போடுவோம், கையெழுத்து வாங்குவோம், அளக்க மாட்டோம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகளை உதாரணத்துக்கு வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பச்சை நெத்திலி கிலோ 80 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 8,000. ஐஸ், ஆட்டோ, பை எல்லாம் சேர்த்து 900. நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிற்கும், அதாவது 25 கிலோ. கிலோ 450-க்கு விற்றால் 11,250. கையில் நிற்பது 2,350 ரூபாய்.

இப்போது 25-க்குப் பதில் 22 கிலோதான் வந்தது என்று வையுங்கள். மூன்று கிலோதானே என்று தோன்றும். விற்பனை 9,900 ஆகிறது, கையில் நிற்பது 1,000 ரூபாய். லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. காக்காய் தின்றதா, நசுங்கிய மீனை ஏலத்தில் எடுத்தோமா, தராசு தவறா என்று அன்றைக்கே தேட வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தேடினால் யாருக்கும் நினைவிருக்காது.

30 கிலோ வந்தால்? சந்தோஷப்படாதீர்கள். ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே பையில் அடைத்தால் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடித்துத் திரும்பி வரும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். எடை கூடினாலும் குறைந்தாலும் கேள்வி கேட்க வேண்டும் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

ஐந்தாவது பக்கத்தில் நான்கு எண் போதும்: வாங்கிய எடை, காய்ந்த எடை, விற்ற பணம், வர வேண்டிய பாக்கி. தினமும் சாயங்காலம் எழுதுங்கள். பாக்கியைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வியாபாரி மூன்று முறை கடனுக்கு வாங்கிப் போனார், நாங்கள் அதை விற்பனை என்றே எழுதி வந்தோம். நோட்டில் லாபம் இருந்தது, பெட்டியில் மீன் வாங்கப் பணம் இல்லை. இப்போது ஒருவருக்கு ஒரு தடவைக்கான கடன்தான். பழைய பாக்கி வந்தால்தான் அடுத்த பை.

இந்த ஐந்தையும் எப்போது செய்வது?

ஒருமுறை வரிசையாகச் செய்து முடித்துவிடும் வேலைகள் இல்லை இவை. ஐந்தாவது பக்கத்து எண்கள் முதல் பக்கத்தைத் திருத்தும். திருத்திய திட்டத்துக்கு ஏற்றபடி பெயர்கள் மாறும். நாங்கள் தினமும் அளக்கிறோம், மாதம் ஒருமுறை பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறோம். பெரிய திட்டத்துக்கு மட்டும் தடைக்காலம் தொடங்கியதும் ஒரு நாள் ஒதுக்கி உட்காருகிறோம். அப்போது மீன் குறைவு, கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு, போன வருடத்து நோட்டும் முழுதாகக் கையில் இருக்கும்.

போன தடவை உட்கார்ந்தபோது ஐப்பசிக் கட்டத்தில் எழுதியது இது: "ஒரு நாளைக்கு 40 கிலோவுக்கு மேல் வேண்டாம். கூரை போட்ட பரணில் மட்டும். தார்ப்பாய் – பெரிய மதினி. அவர் இல்லாவிட்டால் அவர் மருமகள்."