பெற்றோரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போகும் முன்

பெரியம்மா வலது கண்ணில் மூட்டமாக இருக்கிறது என்று சொன்னதும் நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனைக்கு நேராகப் போன் போட்டுக் கண் நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். ஒரே வாரத்தில் கிடைத்தது, நிம்மதியாக இருந்தது. பணம் கட்டும் கவுன்டரில்தான் தெரிந்தது, அவரைத் தனியார் நோயாளியாகப் பதிந்திருக்கிறார்கள், அரசு மானியம் ஒரு காசு கிடையாது என்று. வயதானவர்களுக்கு அரசு தந்திருக்கும் முன்னோடித் தலைமுறை அட்டையை நீட்டினேன். மானியக் கட்டணத்தில் வருபவர்களுக்குத்தான் அது செல்லும் என்றார்கள். போனில் பேசியவர் இதைச் சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் புளோக்கில் பல பேரோடு துணைக்குப் போய் வந்துவிட்டேன், அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரசு பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போங்கள். கட்டடம் ஒன்று, கருவிகள் ஒன்று, சில சமயம் டாக்டரும் ஒன்றுதான், ஆனால் எந்தக் கடிதத்தோடு உள்ளே போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் கட்டணம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் மானியக் கட்டணம், நீங்களாக நேரே போனால் முழுக் கட்டணம். சாஸ் அட்டையோ (பக்கத்து தனியார் கிளினிக்கில் அரசு மானியம் தரும் அட்டை), முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ வைத்திருப்பவருக்கு சாஸ் திட்டத்தில் இருக்கும் பக்கத்து கிளினிக் டாக்டரும் இந்தக் கடிதம் தரலாம். கடிதம் வாங்கும்போதே "இது மானியப் பரிந்துரைதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கண்ணாடிக் கடையில் பரிசோதித்துவிட்டு உடனே நிபுணரைப் பாருங்கள் என்றால்கூட, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் பலதுறை மருந்தகத்துக்கே போங்கள்.

மானியம் எவ்வளவு என்பது வீட்டு வருமானத்தைப் பொறுத்தது. நிபுணத்துவ வெளிநோயாளி மருந்தகத்தில் (மருத்துவமனையில் நிபுணரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிரிவு) குடிமக்களுக்கு 70% வரை கிடைக்கும், நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. மானியம் போக மீதியில் முன்னோடித் தலைமுறைக்கு இன்னொரு 50% கழியும், மெர்டேக்கா தலைமுறைக்கு 25%. மானியத்துக்குப் பிறகு பில் 60 வெள்ளி (டாலர்) என்று வைத்துக்கொண்டால், 1949 முடிவதற்குள் பிறந்து முன்னோடி அட்டை வைத்திருக்கும் தாத்தா கட்டுவது 30 வெள்ளி, ஐம்பதுகளில் பிறந்து மெர்டேக்கா அட்டை வைத்திருக்கும் பாட்டி கட்டுவது 45 வெள்ளி. பல நாள் போய்வரவேண்டிய வைத்தியத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

இதில் சங்கடமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மானிய நோயாளி டாக்டரைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர் வரலாம். முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பார்வை இன்னும் மோசமானால் அந்தத் தேதி வரைக்கும் பொறுக்காதீர்கள், பலதுறை மருந்தகத்துக்குத் திரும்பிப் போய் மாற்றத்தைச் சொல்லித் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். டாக்டர் மாறிக்கொண்டே இருப்பதால் வீட்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள்: எந்தக் கண், என்ன சொன்னார், என்ன சொட்டு மருந்து, எந்தத் தேதி. எங்கள் மாடியில் ஒரு பாட்டி அதைப் பழைய பள்ளி நோட்டில் பேத்தி கையெழுத்தில் வைத்திருக்கிறார். புது டாக்டர் வந்ததும் பேசாமல் அதை நீட்டிவிடுவார், அவரும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

சரி, இனிப்பு நீர் உள்ளவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது தலைமுறை தலைமுறையாக வருகிற விஷயம். 2010 தேசிய சுகாதார ஆய்வில் இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதல். நீரிழிவால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் குறையாது. நன்றாகத்தானே தெரிகிறது என்று அப்பா சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் விழித்திரையைப் படமெடுப்பார்கள். 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அந்தப் படங்களைக் கணினி வழியாக அனுப்பி, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள், அதனால் எல்லோரும் கண் நிபுணரிடம் அலையவேண்டியதில்லை. வழக்கமான நீரிழிவுச் சோதனைக்குப் போகும்போது "இந்த வருஷம் கண் படம் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். ரத்தச் சோதனையை விடாமல் செய்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

போகும் நாளன்று பழைய கண்ணாடி, உபயோகத்தில் இருக்கும் சொட்டு மருந்து பாட்டில்கள், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கண்ணின் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும், அதனால் தனியாக அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் இடத்தில் நம் வயதானவர்கள் பலர் தடுமாறுவது கண்ணால் அல்ல, ஆங்கில எழுத்து தெரியாததால். ஒரு பாட்டி மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டார், தாதி தெரியவில்லை என்று குறித்துக்கொண்டார். நான் குனிந்து கேட்டேன், "எழுத்து கண்ணுக்குத் தெரியுதா பாட்டி?" "தெரியுதும்மா, பேருதான் தெரியல" என்றார். எண்கள் உள்ள பலகையோ, பல பக்கமும் திரும்பிய ஆங்கில 'E' எழுத்துப் பலகையோ உண்டு, அந்த 'E'யின் கால் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கையால் காட்டினால் போதும். அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். தப்பாகக் குறித்த பார்வை அளவை வைத்துத்தான் அடுத்த முடிவு எடுப்பார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம் அறுவை சிகிச்சைப் பணம். கண்புரை என்றதும் எல்லோரும் மெடிஷீல்ட் லைஃப் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அது குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லோருக்கும் 2015 நவம்பரிலிருந்து இருக்கும் காப்புறுதிதான், ஆனால் பெரிய பில்லுக்காக அமைத்தது. முதலில் ஒரு தொகையை நாம் ஏற்கவேண்டும், அதைத் தாண்டினால்தான் அது பணம் தரும். மானியக் கட்டணத்தில் செய்யும் கண்புரை சிகிச்சையின் பில் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது மெடிசேவ், சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று சேரும் கணக்கு. பெற்றோர் கணக்கில் பணம் இல்லையென்றால் பிள்ளைகளின் மெடிசேவிலிருந்து எடுக்கலாம், கையெழுத்து வேண்டும், அதனால் எந்தப் பிள்ளை என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து கவுன்டரில் நின்று அண்ணன் தம்பி போனில் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நாற்காலியில் கண்ணில் கட்டோடு அம்மா.

தேதி குறிப்பதற்கு முன் செலவு விளக்கம் தருவார்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள். மெடிசேவ் போகக் கையிலிருந்து எவ்வளவு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எந்த வகை, சிகிச்சைக்குப் பிறகு வரும் சொட்டு மருந்தும் மறுபரிசோதனையும் இதில் சேர்ந்ததா, இரண்டாவது கண்ணுக்கு எப்போது, இவ்வளவையும் கேளுங்கள். சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் போதும் என்றால் அதையே தாராளமாகச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். அந்தக் கண்ணாடிக்கு மெடிசேவ் கிடையாது, கைக்காசுதான்.

மானியமும் மெடிசேவும் போக மீதியைக் கட்ட வழியில்லாத குடிமக்கள் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கவேண்டும் என்று கவுன்டரில் கேளுங்கள். 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதிக்கு அவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பில் வந்து கடன் ஏறிய பிறகு போவதைவிடத் தேதி குறிக்கும்போதே போவது நல்லது. பணத்துக்குப் பயந்து அப்பாயின்ட்மென்ட்டுக்கே போகாமல் விட்டவர்களைத் தெரியும், அதில் ஒருவருக்குக் கண் அழுத்த நோய், போன பார்வை திரும்பவில்லை. அந்த நோயில் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து.

அந்த மருந்துச் சீட்டு வாங்கும்போது மானிய மருந்தா என்று கேளுங்கள், இல்லையென்றால் மானியத்தில் வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடமே கேட்கலாம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வெளிநோயாளிச் செலவுக்கு மெடிசேவ் கணக்கிலிருந்தே எடுக்கும் ஃப்ளெக்ஸி மெடிசேவும் இருக்கிறது. வீட்டில் இரண்டு பாட்டில் ஒரே மாதிரி இருந்தால் ராத்திரி மருந்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவையுங்கள், பார்வை மங்கியவர்கள் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சொட்டுக்கும் அடுத்த மருந்துக்கும் ஐந்து நிமிஷம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் முதலாவது வழிந்து வெளியே போய்விடும்.

திடீரென்று ஒரு கண்ணில் மின்னல் வெட்டுவது போல வெளிச்சம், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல நிழல், இதில் எது வந்தாலும் கடிதம், மானியம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழித்திரை கழன்றிருக்கலாம், மணிக்கணக்கு முக்கியம்.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு மேலே சொன்ன மானியமும் மெடிசேவும் கிடையாது. உங்கள் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, அவர் எடுத்திருக்கவேண்டிய காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒரு நாள் அறுவை சிகிச்சைக்கும் அது பொருந்தும். வேலையில் கண்ணில் இரும்புத்தூளோ சிமெண்டோ விழுந்தால் அது வேலையிடக் காயம். சிமெண்ட் என்றால் முதலில் சுத்தமான தண்ணீரால் நிறுத்தாமல் கழுவுங்கள், இரும்புத்தூள் என்றால் கண்ணைத் தேய்க்காதீர்கள். சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள், போனில் ஒரு மெசேஜாகவும் அனுப்பிவையுங்கள், நேரம் பதிவாகும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.